உயிரைக் காக்கும் மூன்றாவது கம்பி

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

அதில் மூன்று முனைகள் இருக்கும். கீழே இரண்டு. மேலே ஒன்று. மேலே இருப்பது மட்டும் தடியாக இருக்கும். மற்ற இரண்டையும்விட நீளமாகவும் இருக்கும்.

விளக்கு எரிய இரண்டு கம்பி போதும். மின்சார விசிறி சுற்றவும் இரண்டு கம்பி போதும். அப்படி இருக்க, மூன்றாவது முனை எதற்கு?

அது வேலை செய்ய வந்தது அல்ல. காவல் காக்க வந்தது!

பத்து ஆண்டுகள் வரை அதற்கு வேலையே இல்லாமல் போகலாம். பிறகு ஒரு நாள், ஒரே ஒரு நொடி, அதற்கு வேலை வரும். அந்த நொடியில் அது இல்லாவிட்டால் ஓர் உயிர் போய்விடும்.

இந்த மூன்றாவது கம்பிக்குப் பெயர் “எர்த்”. எர்த் என்றால் பூமி. வீட்டில் உள்ள எந்திரங்களின் இரும்பு உடம்பைப் பூமியோடு சேர்த்துக் கட்டும் கம்பி என்பதால் இந்தப் பெயர் வந்தது.

“எர்த் இல்லாமலே எல்லாம் ஓடுகிறதே! பிறகு எதற்கு வீண் செலவு?” என்று சிலர் கேட்பார்கள்.

ஆபத்தே அதில்தான் இருக்கிறது. எர்த் இல்லாவிட்டாலும் கிரைண்டர் அரைக்கும். பிரிட்ஜ் குளிரும். எதுவும் நிற்காது. அதனால் எர்த் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. தெரியவரும் நாள், கெட்ட நாளாக இருக்கும்.

காக்கைக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை?

நம் வீட்டுக்கு மின்சாரம் இரண்டு கம்பிகளில் வருகிறது. ஒன்றுக்குப் பெயர் “பேஸ்”. மற்றொன்று “நியூட்ரல்”. பேஸ் கம்பியில் 230 வோல்ட் அழுத்தம் இருக்கிறது. மின்சாரம் அந்தக் கம்பி வழியாக வந்து, வேலையை முடித்து, நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வழி இருந்தால்தான் மின்சாரம் பாயும். வழி இல்லாவிட்டால் பாயாது.

காக்கை கம்பியில் உட்காருகிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? அது ஒரே கம்பியை மட்டும் தொட்டுக்கொண்டு இருக்கிறது. மின்சாரம் அதன் உடம்பில் புகுந்து வேறு எங்கும் போக வழி இல்லை.

மனிதன் கதை வேறு. அவன் தரையில் நிற்கிறான். தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பியைப் பூமியோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே பூமியும் மின்சாரம் திரும்பிப் போவதற்கு ஒரு வழிதான். ஒருவன் தரையில் நின்றுகொண்டு பேஸ் கம்பியைத் தொட்டால், மின்சாரம் அவன் கையில் புகுந்து, உடம்பு வழியாக ஓடி, காலில் இறங்கி, பூமிக்குப் போய்விடும்.

அதுதான் ஷாக்!

“செருப்புப் போட்டுக்கிட்டுத் திற!”

சில வீடுகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

“அம்மா! பிரிட்ஜைத் தொட்டா சுள்ளுன்னு அடிக்குது!”

“செருப்புப் போட்டுக்கிட்டுத் திற, கண்ணு!”

அம்மா சொன்ன யோசனை அந்த நேரத்துக்குப் பலிக்கலாம். ஆனால் நோய் அப்படியே இருக்கிறது.

என்ன நோய்? எந்திரத்துக்கு உள்ளே ஓடும் கம்பிகளின் மேலே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை இருக்கும். நாளாக ஆக அந்த உறை சூட்டில் இறுகும். வெடிக்கும். எலி கடிக்கும். தண்ணீர் பட்டு ஈரம் கசியும். அப்போது பேஸ் கம்பி எந்திரத்தின் இரும்பு உடம்பைத் தொட்டுவிடுகிறது. எந்திரம் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

சுள்ளென்று அடிப்பது ஓர் எச்சரிக்கை. இன்று காலில் ஈரம் இல்லை. சுள்ளென்று அடித்ததோடு போயிற்று. நாளை மாவு அரைத்த ஈரக் கையோடு, கழுவிவிட்ட தரையில், வெறுங்காலில் நின்று தொட்டால் என்ன ஆகும்?

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்?

மின்சாரத்தின் அளவை “ஆம்பியர்” என்று சொல்வார்கள். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்கு வைத்தால் ஒரு பங்குக்குப் பெயர் மில்லி ஆம்பியர்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் இருந்தார். மனித உடம்பு எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று அவர் சோதனை செய்தார். தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, சிறிது சிறிதாக மின்சாரத்தைக் கூட்டினார்.

சுமார் 1 மில்லி ஆம்பியரில் லேசான கூச்சம் தெரிந்தது. கூட்டிக்கொண்டே போனபோது ஓர் அளவுக்கு மேல் அவர்களால் கம்பியைக் கையைவிட்டு விட முடியவில்லை. அந்த அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர்.

“கரண்ட் பிடித்து இழுத்துக்கொண்டது” என்று சொல்கிறோம் அல்லவா? உண்மையில் மின்சாரம் இழுப்பது இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் கையின் தசைகள் இறுகிவிடுகின்றன. விரல்கள் மூடிக்கொள்கின்றன. விட வேண்டும் என்று மனம் நினைத்தாலும் கை கேட்பது இல்லை.

அதற்கு மேல் போனால் மூச்சு திணறும். சுமார் 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியாகப் பாய்ந்தால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டுப் படபடவென்று நடுங்கத் தொடங்கும். இரத்தம் ஓடாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

பழைய 40 வாட் குண்டு பல்பு எரிவதற்குச் சுமார் 170 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு பல்பு எரியப் போதாத மின்சாரம், ஒரு மனிதனைக் கொல்லப் போதும்!

ஈர உடம்பு காட்டும் தடையைச் சுமார் 1000 ஓம் என்று கணக்கிடுவார்கள். (மின்சாரத்தைத் தடுக்கும் அளவுக்கு ஓம் என்று பெயர்.) 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் வருவது 230 மில்லி ஆம்பியர். கொல்லும் அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

“வீட்டில் பியூஸ் இருக்கிறதே, அது போகாதா?” என்று கேட்கலாம்.

போகாது. 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் உருகும். 230 மில்லி ஆம்பியர் அதற்குக் கொசுக்கடி. பியூஸ் காப்பது கம்பியை. மனிதனை அல்ல.

எர்த் என்ன செய்கிறது?

இப்போது அதே எந்திரத்துக்கு நல்ல எர்த் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பேஸ் கம்பி இரும்பு உடம்பைத் தொட்ட உடனே, மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் பூமிக்குப் பாய்கிறது. அந்த வழியில் தடை மொத்தம் 5 ஓம் என்றால், பாயும் மின்சாரம் 46 ஆம்பியர். 5 ஆம்பியர் பியூஸ் உடனே போய்விடும். யாரும் தொடுவதற்கு முன்பே ஆபத்து தீர்ந்தது!

ஆனால் எர்த் கெட்டுப்போய், தடை 100 ஓமாக ஏறிவிட்டால்? பாயும் மின்சாரம் 2.3 ஆம்பியர்தான். பியூஸ் போகாது. எந்திரத்தின் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். எர்த் கம்பி இருந்தால் மட்டும் போதாது. அது நல்ல நிலையில் இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பிளக்கின் எர்த் முனை நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. செருகும்போது அதுதான் முதலில் உள்ளே போகும். பிடுங்கும்போது அதுதான் கடைசியில் வெளியே வரும். காவலன் முதலில் வந்து, கடைசியில் போகிறான்!

செல்போன் சார்ஜர் போன்றவற்றில் இரண்டு முனைதான் இருக்கிறதே என்று சந்தேகம் வரலாம். அவற்றின் உடம்பு பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே இரட்டைக் காப்பு உண்டு. ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் அதன்மேல் இருக்கும். அவற்றுக்கு எர்த் தேவை இல்லை. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குக் கட்டாயம் தேவை.

மின்னலுக்குப் பலியான விஞ்ஞானி

இதுவரை சொன்னது வீட்டுக்கு உள்ளே உண்டாகும் ஆபத்து. வெளியே இருந்து வரும் ஆபத்தும் ஒன்று இருக்கிறது. அதுதான் இடி மின்னல். அதற்கும் மருந்து பூமிதான்.

மின்னலும் மின்சாரமே என்று எடுத்துக்காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின். 1752-ம் ஆண்டில் இடி மேகத்தில் பட்டம் விட்டு அவர் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. கட்டிடத்தின் உச்சியில் இரும்புக் கம்பியை நட்டு, அதைப் பூமியோடு இணைத்தால் மின்னல் கட்டிடத்தைத் தாக்காமல் மண்ணுக்குள் போய்விடும் என்று அவர் சொன்னார். அதுதான் இடிதாங்கி.

மறு ஆண்டு, 1753 ஆகஸ்டில், ரஷியாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு கோரம் நடந்தது. அங்கே ஜார்ஜ் ரிக்மன் என்ற விஞ்ஞானி இருந்தார். மின்னலின் பலத்தை அளக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டின் கூரைமேல் ஓர் இரும்புக் கம்பியை நட்டார். அதிலிருந்து ஒரு கம்பியை அறைக்குள் கொண்டுவந்தார். மின்சாரம் மண்ணுக்குப் போய்விட்டால் அளக்க முடியாதே! அதனால் அந்தக் கம்பியைப் பூமியோடு இணைக்காமல் வைத்தார்.

இடி முழங்கியது. ரிக்மன் கருவியின் அருகே போனார். கம்பியில் இருந்து ஒரு தீப்பந்து பாய்ந்து அவர் நெற்றியில் அடித்தது. அந்த இடத்திலேயே அவர் இறந்தார். கூட இருந்தவர் கீழே விழுந்தார், உயிர் பிழைத்தார்.

பிராங்க்ளினின் இடிதாங்கியும் இரும்புக் கம்பி. ரிக்மன் நட்டதும் இரும்புக் கம்பி. வேற்றுமை ஒன்றே ஒன்று. அது பூமியைத் தொட்டது. இது தொடவில்லை. மின்னலுக்குக் கிடைத்த வழி, ரிக்மனின் உடம்பு!

ஏரிக்குக் கலங்கல், வீட்டுக்குச் சர்ஜ் பெட்டி

நம் ஊரில் கோடை மழையின்போதும், ஐப்பசி அடைமழையின்போதும் இடி இடிக்கிறது. தெருக் கம்பிக்கு அருகே மின்னல் விழுந்தால், ஒரு கணம் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் கம்பி வழியாக வீட்டுக்குள் பாய்ந்துவிடும். பெரிய மோட்டார்கள் ஓடி நிற்கும்போதும், போன மின்சாரம் திரும்பி வரும்போதும் சிறிய அளவில் இப்படி நடக்கும். இதைத்தான் “சர்ஜ்” என்கிறார்கள். டி.வி.யும் கம்ப்யூட்டரும் புகைந்து போவது இதனால்தான்.

இதைத் தடுக்கக் கடைகளில் “சர்ஜ் புரொடெக்டர்” என்ற பெட்டி விற்கிறார்கள். “ஸ்பைக் பஸ்டர்”, “ஸ்பைக் கார்டு” என்றும் சொல்கிறார்கள்.

அதற்குள் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. அது துத்தநாக ஆக்சைடால் ஆனது. தோல் களிம்பில் சேர்க்கிறார்களே, அதே வெள்ளைப் பொடிதான். 230 வோல்ட் வரும்வரை அந்த வில்லை வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். அழுத்தம் திடீரென்று ஏறினால் வாயைத் திறக்கும். அதிகமாக வந்த மின்சாரத்தை வேறு வழியில் தள்ளிவிடும். அழுத்தம் இறங்கியதும் பழையபடி மூடிக்கொள்ளும்.

ஏரிக்குக் கலங்கல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, ஓடையில் விழுந்து போய்விடும். கரை உடையாது. சர்ஜ் பெட்டி அந்தக் கலங்கல். எர்த் கம்பி அந்த ஓடை.

ஓடையை மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டால், கலங்கல் இருந்து என்ன பயன்?

எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் பெட்டி பாதி வேலைதான் செய்யும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஏறும் அழுத்தத்தை மட்டும் தணிக்கும். மின்னலால் இரண்டு கம்பியிலும் சேர்ந்து வரும் வெள்ளத்துக்குப் போக இடம் இல்லை. அது டி.வி.க்குள் புகுந்து வேறு வழி தேடும்.

இந்தப் பெட்டியால் ஆகாத காரியங்களும் உண்டு.

வீட்டின்மேல் நேராக மின்னல் விழுந்தால் எந்தப் பெட்டியும் தாங்காது.

தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 400 வோல்ட் வரை வீட்டுக்குள் வந்து நிற்கக்கூடும். கண நேர வெள்ளத்துக்குத்தான் வில்லை. நின்றுகொண்டே இருக்கும் அழுத்தத்தில் அது சூடேறிக் கருகிவிடும்.

ஒவ்வோர் அடியிலும் வில்லை கொஞ்சம் தேயும். தேய்ந்த பிறகு அது வெறும் நீட்டிப்பு வயர்தான். நல்ல பெட்டியில் காப்பு இருக்கிறதா என்று காட்டும் விளக்கு இருக்கும். அது அணைந்தால் பெட்டியை மாற்றுங்கள். ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரோடு விற்பவற்றில் சில, வில்லையே இல்லாத வெறும் பலகைகள். கேட்டு வாங்குங்கள்.

முக்கியமான ஒன்று: சர்ஜ் பெட்டி எந்திரத்தைக் காக்கும். ஆளை ஷாக்கிலிருந்து காக்காது.

ஆளைக் காக்கும் பெட்டி

ஆளைக் காக்க வேறு ஒரு சுவிட்ச் இருக்கிறது. வயர்மேன்கள் அதை “ஆர்.சி.சி.பி.” என்பார்கள். “இ.எல்.சி.பி.” என்று பழைய பெயரைச் சொல்பவர்களும் உண்டு. முன்னே சொன்ன டால்சீல், 1961-ல் அமெரிக்காவில் இந்த வகைக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இந்தச் சுவிட்ச் ஒரு கணக்குப் பிள்ளை. பேஸில் எவ்வளவு மின்சாரம் போயிற்று, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வந்தது என்று எந்நேரமும் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், “எங்கோ கசிகிறது” என்று தெரிந்துகொள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்கவேண்டும்.

எர்த் நன்றாக இருந்தால், கம்பி எந்திரத்தின் உடம்பைத் தொட்டதுமே இந்தச் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால், ஒருவர் தொட்டு, அவர் உடம்பில் மின்சாரம் பாய்ந்த பிறகுதான் விழும். அப்போதும் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். ஆனால் தொடுவதற்கு முன்பே விழுவது நல்லதா, தொட்ட பிறகு விழுவது நல்லதா?

இப்படிச் செய்யாதீர்கள்!

பிளக் இல்லாத வயரின் நுனிகளை ஓட்டைக்குள் வைத்துத் தீக்குச்சியால் இறுக்காதீர்கள்.

மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டு, இரண்டு ஓட்டையில் செருகாதீர்கள்.

எர்த் இல்லை என்பதற்காக, பிளக் பாயிண்டில் எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், எந்திரத்தின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைக் கட்டாதீர்கள். பல வீடுகளில் இன்று பிளாஸ்டிக் குழாய்தான். அதில் மின்சாரம் போகாது.

இடி இடிக்கத் தொடங்கிய பிறகு பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். மேகம் கறுக்கும்போதே டி.வி. பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் கேபிள் வழியாகவும் வரும்.

எர்த் குழி எப்படி இருக்கவேண்டும்?

வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் குழி தோண்டுவார்கள். சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அதில் இறக்குவார்கள். சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புவார்கள். கரியும் உப்பும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈர மண்ணில்தான் மின்சாரம் எளிதாக இறங்கும்.

உப்பு நாளாவட்டத்தில் இரும்பை அரித்துவிடும். அதனால் இப்போது செம்பு பூசிய கம்பியும், அரிக்காத கலவைப் பொடியும் போடுகிறார்கள்.

கோடையில் மண் காய்ந்துவிடும். வாரம் ஒரு முறை குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழியின்மேல் சிமெண்டு போட்டு மூடிவிடாதீர்கள். கம்பி முடுக்கிய இடத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் அளக்கும் கருவி அவர்களிடம் உண்டு. எத்தனை ஓம் என்று கேளுங்கள். குறையக் குறைய நல்லது.

ஷாக் அடித்துவிட்டால்?

ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால், காய்ந்த கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லை என்றால், மார்பின் நடுவே இரண்டு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். கூட இருப்பவர் 108-க்குப் போன் செய்யட்டும்.

இன்றே பாருங்கள்

 வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள்.

மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் உள்ள “டெஸ்ட்” பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் டக்கென்று விழவேண்டும். விழாவிட்டால் அது கெட்டுப்போயிற்று.

எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் வயர்மேனை அழைத்துக் கேளுங்கள். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். வாடகை அவருக்கு. உயிர் உங்களுக்கு.

தொட்டால் சுள்ளென்று அடிக்கும் எந்திரம் எதுவானாலும், இன்றே பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பழுது பார்த்த பிறகு ஓட்டலாம். ஒரு நாள் மாவு அரைக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது!